கழிக்கப்படாத கோழி

நாமக்கல்லிலிருந்து மோகனூர் செல்லும் சாலையில், கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தாண்டியதும் கோழிப்பண்ணைகளின் நீளமான கொட்டகைகள் கண்ணில் படத் தொடங்கும். காவிரியை நெருங்க நெருங்க அவை குறைந்து, கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்கால்களும் வந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கு மோகனூர் என்றால் நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர், அல்லது கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். பண்ணைக்காரர் வீட்டில் பெண் கொடுத்திருக்கும் எங்களுக்கு அது கோழியின் ஊர். அங்கே கோழியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கணக்கைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். இருபதாவது வாரத்தை ஒட்டி முட்டையிடத் தொடங்கும் கோழி, எழுபது எண்பது வாரம் வரை கூண்டில் இருக்கும். அதற்குள் அது தின்ற தீவனம் எவ்வளவு, இட்ட முட்டை எவ்வளவு, அன்றன்றைக்கு முட்டை விலை என்ன என்பவைதான் அதன் வாழ்க்கை வரலாறு.

முட்டையிடாத கோழியைக் கண்டுபிடிக்கப் பண்ணையில் வேலை செய்பவர்களுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கொண்டை வெளுத்துச் சுருங்கியிருக்கும். கோழியைத் தூக்கி, பின்புறத்து இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துப் பார்ப்பார்கள். முட்டையிடும் கோழிக்கு இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்கும்; இடாததற்கு ஒரு விரல் நுழைவதே கடினம். அப்படிப்பட்டவற்றை ஒதுக்கிக் கறிக்குப் போட்டுவிடுவார்கள். ‘கழிக்கிறது’ என்பதுதான் அதற்கான சொல். இதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தீவனம் வாங்குகிறவரால் சும்மா தின்னும் கோழியை வைத்துக்கொள்ள இயலாது. நான் எழுத வந்தது, அப்படிக் கழிக்கப்படாமல் போன சில கோழிகளைப் பற்றி. அவை மோகனூரில் வாழ்ந்தவை அல்ல. ஆனால் மோகனூரில் இருக்கும் என் அக்காவின் நோயைப் புரிந்துகொள்ள அவையே எனக்கு வழிகாட்டின.

அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பண்ணைக் கணக்கு முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறவள், ஏழு மணிக்கும் படுக்கையை விட்டு எழ முடியாதவளானாள். உடல் பெருத்தது. முகம் ஊதி இமைகள் கனத்தன. சித்திரை மாதத்திலும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. குரல் கரகரத்தது; சொல்ல வந்த சொல் நினைவுக்கு வராமல் பேச்சு பாதியில் நின்றது. மாதவிலக்கு தாறுமாறானது. இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. “ஒக்காந்தே இருந்தா ஒடம்பு ஊதாம என்ன பண்ணும்?” என்றார்கள். “ஒடம்பு வணங்கறதில்ல” என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து காதில் விழுந்தால், கேட்கிறவரும் அதை நம்பத் தொடங்கிவிடுவார். அக்கா நம்பினாள்.

வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் வெளிவந்தது. டி.எஸ்.எச். என்ற அளவு நான்கு ஐந்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு நூறைத் தாண்டியிருந்தது. தைராய்டு சுரப்பியைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்களும் இரத்தத்தில் மிகுந்திருந்தன. மருத்துவர் சீட்டில் ‘ஹாஷிமோட்டோ’ என்று எழுதிக் கொடுத்தார். அது மருந்துக் கம்பெனியின் பெயர் என்று அவள் எண்ணிக்கொண்டாள். விளக்கம் கேட்டபோது, உடம்பின் காவற்படையே சுரப்பியை எதிரியாக எண்ணி அழிக்கிறது என்று சொன்னாராம். அன்றிரவு தொலைபேசியில் அக்கா கேட்டது இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. “தம்பி, என் ஒடம்பே என்னைய எதிரின்னு நெனச்சுக்கிச்சாமா. அதுக்கு நான் என்னடா பண்ணுனேன்?”

தன்னிடமே குற்றம் தேடிப் பழகிய ஒருத்தியின் கேள்வி அது. சோம்பல் என்ற பழி நீங்கியதும், உடம்புக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்டோம் என்ற பழி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்காவது யாராவது விடை தேடியிருப்பார்கள் என்று நம்பிப் படிக்கத் தொடங்கினேன். தேடியிருந்தார்கள். அவர்கள் தேடிய இடம் ஆடு, முயல், எலி, கோழி ஆகியவற்றின் உடல்கள்.

ஹகாரு ஹாஷிமோட்டோ ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் பயின்ற இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவர். நான்கு பெண்களின் கழுத்திலிருந்து அகற்றப்பட்ட தைராய்டு திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1912-இல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் சுரப்பிக்குள் கூட்டங்கூட்டமாகக் குவிந்திருந்ததை அதில் விவரித்தார். பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி அங்கேயே மருத்துவம் பார்த்து, 1934-இல் டைஃபாய்டு கண்டு இறந்தார். அவர் கண்டதை எழுதினார். அந்த வெள்ளணுக்கள் அங்கே ஏன் வந்தன என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை.

அந்தக் கேள்வியை எழுப்புவதே கடினமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால் எர்லிக் வெள்ளாடுகளை வைத்துச் சில சோதனைகள் செய்தார். ஓர் ஆட்டுக்கு மற்ற ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்தினால், அந்த அயல் இரத்த அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் உண்டாயிற்று. தன் சொந்த இரத்த அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருளை எந்த ஆடும் உண்டாக்கவில்லை. உடல் தன்னைத் தாக்கிக்கொள்ள அஞ்சி விலகுகிறது என்று பொருள்படும் லத்தீன் தொடர் ஒன்றை எர்லிக் இதற்குச் சூட்டினார். தாக்குதலைத் தடுக்கும் ஏற்பாடு உடலுக்குள் இருக்க வேண்டும் என்பதே அவர் கருதியது. பின்வந்தவர்களில் பலர் அதை, இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று வாசித்துக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டுகள் அப்படியே ஓடின.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கி, எர்லிக்கின் மாணவருக்கு மாணவர். நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்கா சென்றவர். அவரிடம் சேர்ந்த இளைஞர் நோயல் ரோஸ், தைராய்டில் மட்டும் காணப்படும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் தைராய்டுச் சாற்றை, எதிர்ப்பைத் தூண்டிவிடும் எண்ணெய்க் கலவையுடன் சேர்த்து முயலுக்கே செலுத்தியபோது எதிர்ப்பொருள் உண்டாயிற்று. மற்றொரு முயலின் சரக்கு என்பதால் அயலாகத் தோன்றியிருக்கலாமே என்ற ஐயத்தைத் தீர்க்க, ஒரு முயலின் சுரப்பியில் ஒரு பகுதியை அறுத்தெடுத்து அதன் சாற்றை அதே முயலுக்குச் செலுத்தினார்கள். எஞ்சியிருந்த பகுதிக்குள் வெள்ளணுக்கள் புகுந்து குவிந்தன. ஹாஷிமோட்டோ வரைந்து காட்டியதைப் போன்ற காட்சி. ஆசிரியப் பரம்பரையின் கொள்கைக்கே எதிரான முடிவு. இது 1956-இல் வெளியாயிற்று.

அதே 1956-இல் லண்டனின் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட், பீட்டர் கேம்ப்பெல் ஆகியோர் எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஹாஷிமோட்டோ நோயாளிகளின் இரத்தத் தெளிவைத் தைராய்டுச் சாற்றோடு சேர்த்தபோது வெண்மையான வீழ்படிவு உண்டாயிற்று. மனித உடலும் தன் சுரப்பிக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்கிறது என்பதற்கு அது சான்று. முயலில் நிகழ்த்திக் காட்ட முடிந்தது, மனிதரில் தானாகவே நிகழ்கிறது என்று ஆயிற்று.

மனித நோயை ஒத்ததை விலங்கில் உண்டாக்கி ஆராய்வதை, மாதிரியை உருவாக்குதல் என்கிறார்கள். நாம் அன்றாடம் புழங்கும் இந்தச் சொல்லில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ‘அவன் மாதிரி’ என்று ஒருவரைச் சொன்னால், அவனைப் போன்றவர், ஆனால் அவன் இல்லை என்றே பொருள். முயலுக்கு வந்த நோய் நாம் ஊசி போட்டு வரவழைத்தது. அப்படி நேரக்கூடும் என்பதை அது நிறுவியது. ஊசி போடாத என் அக்காவுக்கு ஏன் வந்தது என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

அந்தக் கேள்விக்குத்தான் கோழி தேவைப்பட்டது.

நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராண்டல் கோல் என்பவர் கோழிகளின் மரபியலை ஆராய்ந்துவந்தார். கோழிகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோயைத் தாங்கி நிற்கும் ஒயிட் லெகார்ன் கால்வழியைப் பல தலைமுறைகளாக வளர்த்தெடுத்துக்கொண்டிருந்த பண்ணை அது. 1950களின் நடுவில் அந்தக் கூட்டத்தில் அபூர்வமாகச் சில கோழிகள் வேறுவிதமாகத் தென்பட்டன. உருவம் சிறியது; ஆனால் உடம்பெல்லாம் கொழுப்பு. இறகுகள் நீண்டு பட்டுநூல் போலிருந்தன. குளிர் தாங்கவில்லை. முட்டை சரியாக இடவில்லை. எந்தப் பண்ணையிலும் முதலில் கழிக்கப்படுவது இத்தகைய கோழிதான்.

கோல் அவற்றைக் கழிக்கவில்லை. தனியே வைத்துக்கொண்டார். தைராய்டு ஹார்மோன் குறைவாக இருக்கலாம் என்று ஊகித்து, அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும் பொருளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார். கோழிகள் தேறின. அவற்றை ஒன்றோடொன்று இனப்பெருக்கம் செய்வித்து, தலைமுறைக்குத் தலைமுறை தேர்ந்தெடுத்து, குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்நோய் வரும் ஒரு கால்வழியையே உருவாக்கினார். ‘பருத்த கால்வழி’ என்று பொருள்படும் பெயரால் அது இன்றும் அறியப்படுகிறது. பரம்பரையாக வரும் தைராய்டுக் குறைவு என்று 1966-இல் எழுதினார். விட்டெப்ஸ்கியின் பஃபலோ குழுவினரோடு சேர்ந்து சுரப்பிகளை ஆராய்ந்தபோது, அங்கும் வெள்ளணுக் கூட்டமும் எதிர்ப்பொருளும் இருந்தன. 1968-இல் அது வெளியாயிற்று. யாரும் ஊசி போடாமல், முட்டையிலிருந்து வெளிவந்த சில வாரங்களிலேயே, தன் சுரப்பியைத் தானே தாக்கும் ஓர் உயிர் கிடைத்துவிட்டது.

இதை மச்சானிடம் சொன்னேன். “நம்ம செட்டுல அப்படி ஒண்ணு இருந்திருந்தா ஒரு வாரம் தாங்கிருக்காது மாப்ளே. கறிக்கடைக்குப் போயிருக்கும்” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

நாமக்கல் பண்ணைகளில் பரவலாக வளர்க்கப்படும் பி.வி. 300 கோழியும் ஒயிட் லெகார்ன் வழியில் வந்ததுதான். அதன் பின்னணியில் இருக்கும் பாப்காக் என்ற பெயர், அதே இதாகாவில் கோழிப்பண்ணை நடத்திய மன்றோ பாப்காக்குடையது. கோலின் கோழிகளுக்கும் எங்கள் ஊர்க் கோழிகளுக்கும் இரத்த உறவு உண்டென்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், மிகுதியாக முட்டையிடுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோழியும், முட்டையிடாத நோய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோழியும் ஒரே இனத்தில், ஒரே சிறு நகரத்தைச் சுற்றி உருவானவை என்பது என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது.

மச்சானுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒரு விஷயமும் இந்தக் கதையில் வருகிறது. கோழியின் பின்புறத் துவாரத்துக்கு மேலே பர்சா என்ற சிறிய பை போன்ற உறுப்பு இருக்கிறது. குஞ்சுகளைத் தாக்கும் கம்போரோ நோய் அந்த உறுப்பைத்தான் குறிவைக்கும். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்துப் பர்சா வீங்கியிருக்கிறதா என்று சொல்லப் பண்ணைக்காரர்கள் பலருக்குத் தெரியும். அது எதற்காக இருக்கிறது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் சில குஞ்சுகளுக்கு அதை அறுத்தெடுத்திருந்தார். வளர்ந்த பின் அந்தக் கோழிகளுக்கு, வகுப்பில் செய்துகாட்டுவதற்காகச் சக மாணவர் ஒருவர் கிருமிச் சரக்கை ஊசியாகப் போட்டார். அவற்றில் எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை. பெரிய அறிவியல் இதழ் ஏற்க மறுத்த அந்தக் கட்டுரை, கோழி வளர்ப்புக்கான இதழ் ஒன்றில் வெளியாயிற்று. அதுவும் 1956-இல்தான். எதிர்ப்பொருள் தயாரிக்கும் அணுக்களுக்கு மருத்துவ உலகம் முழுவதும் வழங்கும் ‘பி செல்’ என்ற பெயரில் உள்ள ‘பி’, இந்தப் பர்சாவின் முதலெழுத்து.

கோலின் கோழிக்குஞ்சுகளில் பர்சாவை நீக்கிப் பார்த்தார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. நெஞ்சுக்கு மேலே கழுத்தோரமாக இருக்கும் தைமஸ் என்ற மற்றோர் உறுப்பை, குஞ்சு பொரித்ததும் நீக்கிப் பார்த்தார்கள். நோய் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அது கடுமையாயிற்று. தைமஸிலிருந்து புறப்படும் அணுக்களில், தாக்குபவை மட்டுமல்லாமல் தாக்குதலை அடக்கிவைப்பவையும் இருக்கின்றன என்பதற்கு அது ஓர் அடையாளம். பின்னாளில் ஜப்பானின் ஷிமோன் சககுச்சி எலிகளில் அந்த அடக்கும் அணுக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். அவற்றை நீக்கிவிட்டு எஞ்சிய அணுக்களை மட்டும் வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது, தைராய்டு உட்படப் பல உறுப்புகள் தாக்கப்பட்டன என்று 1995-இல் எழுதினார். 2025-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவர் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். எர்லிக் ஊகித்த தடுப்பு ஏற்பாடு மெய்யாகவே இருந்தது. அது தளரவும் கூடும் என்பதுதான் பிறகு தெரியவந்தது.

அக்காவின் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதிலின் முதற்பகுதி இதிலிருந்து வந்தது. நம் எல்லோர் உடம்பிலும் தன்னைத் தாக்கக்கூடிய அணுக்கள் சில இருக்கின்றன. அவற்றைக் கட்டிவைக்கும் அணுக்களும் இருக்கின்றன. கட்டு தளர்வதற்குப் பிறவியிலேயே அமைந்த வாகு ஒரு முக்கியக் காரணம். 1971-இல் ஏட்ரியன் விளாதுட்டியூவும் ரோஸும் வெவ்வேறு எலிக் கால்வழிகளுக்கு ஒரே ஊசியைப் போட்டு, சிலவற்றுக்குக் கடும் நோயும் சிலவற்றுக்கு ஒன்றுமில்லாமலும் போவதைக் காட்டினார்கள். ‘தன்’ எது ‘பிற’ எது என்று அடையாளம் காட்டும் மரபணுத் தொகுதியைப் பொறுத்தே அந்த வேறுபாடு அமைந்தது. எலி எதையும் தவறாகச் செய்யவில்லை. கோழியும் செய்யவில்லை.

பதிலின் இரண்டாம் பகுதி இவ்வளவு எளிதாக இல்லை. அது உப்பைப் பற்றியது. நோயின் பெயர் தெரிந்த கொஞ்ச நாளில் உறவினர் ஒருவர், அயோடின் கலந்த உப்புதான் இதற்கெல்லாம் காரணம், கல்லுப்புக்கு மாறிவிடு என்று அக்காவிடம் சொன்னார். எங்கோ படித்திருக்கிறார். அவர் படித்ததன் மூலம் அனேகமாக ஒரு கோழிச் சோதனையாகத்தான் இருக்கும். 1985-இல் டெட்ராய்ட்டின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நந்தலால் பாக்சி, ராய் சண்டிக் முதலானோர், கார்னெல் கால்வழிக் கோழிகளுக்கு அயோடினைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டியபோது தைராய்டு அழற்சி மிகுந்தது, குறைத்தபோது தணிந்தது. குடிநீரில் அயோடின் சேர்த்தால் தைராய்டு அழற்சி வரும் எலிக் கால்வழி ஒன்றும் பின்னர் ஆய்வுக்கூடங்களில் பரவலாயிற்று. ஆக, உறவினர் சொன்னது ஆதாரமற்ற பேச்சு அல்ல.

ஆனால் நம் நாட்டில் உப்பின் கதை அங்கிருந்து தொடங்கவில்லை. கோழி, முயல் ஆய்வுகளைத் தந்த அந்த 1956-ஆம் ஆண்டிலேயே வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அயோடின் குறைந்த மலைமண்ணில் ஊர் ஊராக முன்கழுத்துக் கழலை இருந்தது. கருவிலேயே அயோடின் கிடைக்காத குழந்தைகள் செவிட்டுத்தன்மையோடும் மனவளர்ச்சிக் குறைவோடும் பிறந்தன. அயோடின் சேர்த்த உப்பு கொடுத்த பகுதிகளில் கழலை குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. உண்பதற்கான சாதா உப்பை விற்பதற்கான தடை, 2000-இல் நீக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதைச் சுற்றி நடந்த வாதங்கள் பலருக்கு நினைவிருக்கலாம். கோழியின் சாட்சியம் உண்மை. காங்ராவின் சாட்சியமும் உண்மை. அந்தக் கோழிகள் நோய்க்கென்றே தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் தட்டில் நடந்ததை ஒரு நாட்டின் தட்டுக்கு அப்படியே மாற்றிவிட்டால், பிறக்கப்போகும் குழந்தைகள் அதற்கு விலை கொடுக்க நேரும். மருத்துவரும் அக்காவிடம் இதைத்தான் சுருக்கமாகச் சொன்னார்: வீட்டு உப்பை மாற்ற வேண்டாம், அயோடின் மிகுந்த மருந்துகளையும் கடற்பாசி மாத்திரைகளையும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கோழியால் சொல்ல முடியாதவையும் நிறைய உண்டு. அதற்குக் குஞ்சுப் பருவத்திலேயே வரும் நோய், அக்காவுக்கு முப்பத்தைந்தைக் கடந்து ஏன் வந்தது? மனிதரில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பலமடங்கு அதிகமாக வருவது ஏன்? தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயோ, ஆய்வுக்கூட விலங்கு எதற்கும் தானாக வருவதே இல்லை. அதற்கான எலி மாதிரிகளை 1996-க்குப் பிறகே செயற்கையாக உருவாக்க முடிந்தது. ஒவ்வொரு மாதிரியும் ஒன்றிரண்டு கேள்விகளுக்கு விடை தந்துவிட்டு நின்றுகொள்கிறது.

இன்னொரு உறுத்தலையும் மறைக்க விரும்பவில்லை. நோயாளியாகப் பிறப்பதற்கென்றே ஓர் உயிரைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்குவது எளிதில் செரிக்கக்கூடிய செயல் அல்ல. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியை ஒட்டி 1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில், சோதனை விலங்குகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சோதனையை அது முற்றாகத் தடை செய்யவில்லை. தேவையற்ற வலியைத் தடுக்கச் சொல்கிறது. என் மனமும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நிற்கிறது. அக்கா தினமும் விழுங்கும் தைராக்சின் மாத்திரைக்குப் பின்னாலும் விலங்குகள் உண்டு. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு வற்றிப்போன நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் அதற்குப் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்றைய மாத்திரை செயற்கையாகச் செய்யப்படுவது. கடனின் ஒரு பகுதியாவது அடைபட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு விடுமுறையின்போது அக்காவிடம் சொன்னேன். முயலையும் எலியையும் அவள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கோழி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்தக் கோழிக்கு மாத்திரை குடுத்தாங்களா?”

“தீவனத்துல கலந்து குடுத்தாங்கக்கா.”

“முட்டை வெச்சுதா?”

“தேறிடுச்சு. முட்டையும் வெச்சுது. அதுல பொரிச்ச குஞ்சுகளை வெச்சுத்தான் இத்தனையும் கண்டுபிடிச்சாங்க.”

“அப்ப அது சோம்பேறிக் கோழி இல்ல” என்றாள்.

அந்த வாக்கியத்தை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் அவள் உடல் தேறிவிட்டிருந்தது. பழையபடி நான்கு மணிக்கு எழுந்துகொண்டிருந்தாள். ஆனால் தன் மீதான பழியை அவள் இறக்கி வைத்தது அந்தப் பொழுதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,360 பேரைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டுக் குறைவு இருந்ததாகச் சொல்கிறது. சென்னையும் அந்த எட்டில் ஒன்று. ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர். எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் ‘உடம்பு வணங்காதவள்’ என்ற பெயரோடு இருக்கிறார்கள் என்பதற்கு எந்த ஆய்விலும் கணக்கு இல்லை. கோல் தம் கோழிகளிடம் காட்டியது பெரிய கருணை என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். அவருக்கு அது ஆராய்ச்சி. ஆயினும் பயன்படாத ஒன்றைப் பார்த்ததும், இதற்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. அக்காவின் மூன்று ஆண்டுகளில் அந்தக் கேள்வியை, நான் உட்பட, வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு அக்காவின் மகளுக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. கல்லூரி விடுமுறையில் வந்தவள் இரண்டு நாள் பகலிலும் தூங்கினாள். பாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அதற்குள் மகளைக் கிளப்பி நாமக்கல்லுக்கு அழைத்துச்சென்று இரத்தம் கொடுக்கவைத்துவிட்டாள். டி.எஸ்.எச். சரியாக இருந்தது; ஆனால் எதிர்ப்பொருள் இருந்தது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், இப்படி எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும் பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்கே சுரப்பி பழுதானது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று மருத்துவர் சொன்னார். பகல் தூக்கத்துக்குக் காரணம் தேர்வுக்காகக் கண்விழித்ததுதான். அக்கா கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், பண்ணைக்குத் தடுப்பூசி போடும் தேதிகளைக் குறித்துவைக்கும் நோட்டை எடுத்து, அடுத்த ஆண்டு வைகாசிக்கு நேராக மகளின் பெயரை எழுதினாள்.